பாப்புவா போகும் நம் பிள்ளைகளுக்கு

பாப்புவா நியூகினிச் செம்பனைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போயிருக்கும், இனிப் போகவிருக்கும் மலேசியத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு,

நான் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. பேராக்கில் தோட்டத்துப் பள்ளியில் வேலை பார்த்தவள். என்னிடம் படித்த பையன் ஒருவன் போன மாதம் லட்டுப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தான். பாப்புவாவில் உதவி நிர்வாகி வேலை கிடைத்துவிட்டதாம். சம்பளம், விமான டிக்கெட், வீடு, வண்டி எல்லாம் சொல்லி முடித்தான். "இடம் எப்படிப்பா இருக்கும்?" என்று கேட்டேன். "ஒண்ணுமே இல்ல டீச்சர், வெறும் காடு. நாமதான் போய் எல்லாத்தையும் உண்டாக்கணும்" என்றான்.

அவனை மனதார வாழ்த்தித்தான் அனுப்பினேன். ஆனால் அந்த "வெறும் காடு" என்ற சொல் அவன் போன பிறகும் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தது. நம் முன்னோர் பால்மரம் வெட்டிய நிலத்தையும் ஒரு காலத்தில் வெறும் காடு என்றுதான் சொன்னார்கள். அங்கே ஓராங் அஸ்லி மக்கள் வேட்டையாடிக்கொண்டும் கிழங்கு தோண்டிக்கொண்டும் இருந்தார்கள். நம் தாத்தாக்களுக்கு அது தெரிய வழியில்லை. கப்பலிலிருந்து இறங்கியவரை லயத்தில் கொண்டுபோய் விட்டார்கள், மறுநாள் விடியுமுன் பெரட்டுக்கு நிறுத்தினார்கள். யாருடைய காடு என்று யாரைக் கேட்பது? உங்கள் நிலைமை வேறு. நீங்கள் படித்தவர்கள். வரைபடத்தை விரித்து, எந்தக் காட்டில் எத்தனை ஹெக்டேர் என்று கணக்கெழுதும் மேசையில் உட்காரப்போகிறவர்கள். அதனால்தான் இந்தக் கடிதத்தை அந்த ஒருவனுக்கு மட்டும் எழுதாமல் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

நீங்கள் போவது தற்செயலாக அமைந்ததும் இல்லை. நம் நாட்டில் செம்பனை முதன்முதலாக வணிகப் பயிரானது 1917-இல், கோல சிலாங்கூரின் தென்னமராம் தோட்டத்தில். பாப்புவா நியூகினியில் இன்று ஆகப் பெரிய செம்பனை நிறுவனமான நியூ பிரிட்டன் பாம் ஆயில் 2015-இல் சைம் டார்பியின் கைக்கு வந்தது. எனவே ஆலைப் பொறியாளர், நில அளவையாளர், கணக்காளர், தோட்ட நிர்வாகி என்று இங்கிருந்து ஆள் போவது இனியும் தொடரும். நம் தாத்தாக்கள் வெட்டுக்கத்தியோடு போன வேலைக்கு நீங்கள் மடிக்கணினியோடு போகிறீர்கள். அதில் எனக்கு உண்மையான பெருமை உண்டு.

உங்களுக்கு ஒரே ஓர் ஊரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். அதன் பெயர் உயியாகு. பாப்புவா நியூகினியின் வடகிழக்குக் கரையில், ஓரோ மாகாணத்தில், காலிங்வுட் விரிகுடாவை ஒட்டிய மைசின் மக்களின் ஊர். நான் அங்கே போனதில்லை. ஜான் பார்க்கர் என்ற மானுடவியலாளர் 1981 முதல் 1983 வரை தம் மனைவியோடு அந்த ஊரிலேயே தங்கியிருந்தார், பிறகும் போய்வந்தார், அவர்களைப் பற்றி நிறைய எழுதினார். அவற்றைப் படித்தேன். அந்த மக்களின் நிலத்துக்காக நடந்த வழக்குகளின் விவரங்களையும் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க எங்கள் ஆயாவின் நினைவு வந்துகொண்டே இருந்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

உயியாகுவுக்குச் சாலை கிடையாது. தலைநகரான போர்ட் மோர்ஸ்பியிலிருந்து சிறிய விமானத்தில் ஓவன் ஸ்டான்லி மலைத்தொடரைத் தாண்டி, வனிகேலாவின் புல்வெளி ஓடுதளத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து இயந்திரம் பூட்டிய சின்னப் படகு. தென்கிழக்குக் காற்று வலுத்துவிட்டால் படகை எடுக்க யோசிப்பார்கள். கரையை ஒட்டி நீளமாக வீடுகள். வயோவா ஆற்றைக் கடந்தால் அடுத்த ஊரான கஞ்சிகா. வீடுகளுக்குப் பின்னால் தோட்டங்கள், அதற்கப்பால் சவ்வரிசிப் பனை நிற்கும் சதுப்பு, அதற்கப்பால் மலைவரை காடு. முக்கிய உணவு சேப்பங்கிழங்கு. கூடவே வாழை, சர்க்கரைவள்ளி, கரும்பு. தோட்டம் கைகொடுக்காத நாளுக்குச் சவ்வரிசி மாவு. கடலில் மீன், காட்டில் பன்றி. வெற்றிலைக்கொடியின் காயைச் சுண்ணாம்பில் தொட்டுப் பாக்கோடு மெல்லுவார்கள். வந்தவருக்கு முதலில் நீட்டுவதும் பாக்குத்தான். நம் வீட்டுக் கிழவிகள் அங்கே போனால் அரை மணியில் பழகிவிடுவார்கள்.

அந்தத் தோட்டங்களைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். உங்கள் வேலையே அதில்தான் மாட்டிக்கொள்ளும். ஒரு குடும்பம் காட்டில் ஒரு துண்டைத் திருத்தி, எரித்து, கிழங்கு நடுகிறது. மண் களைத்ததும் அதை விட்டுவிட்டு வேறு துண்டுக்குப் போகிறது. விட்ட இடத்தில் புதர் மண்டி, மரம் எழுந்து, சில ஆண்டுகளில் பார்ப்பவர் கண்ணுக்கு அசல் காடாகத் தெரியும். அது காடு என்றா நினைக்கிறீர்கள்? ஓய்வில் இருக்கும் தோட்டம் அது. யாருடைய தாத்தா அங்கே கடைசியாக நட்டார், எந்தக் குலத்துக்கு அங்கே உரிமை, எந்த மரத்தடியில் எந்த முன்னோரின் கதை தொடங்குகிறது என்பதெல்லாம் அந்த ஊர்ப் பெரியவர்களுக்கு மனப்பாடம். துணைக்கோள் படத்தில் பச்சையாகத் தெரிவதைப் "பயன்படுத்தப்படாத நிலம்" என்று உங்கள் கோப்பில் ஒரு வரி எழுதினால், அத்தனை பேரின் நினைவும் அந்த ஒரு வரியில் அழிந்துவிடும். பாப்புவா நியூகினியின் நிலத்தில் ஏறத்தாழ 97 விழுக்காடு இப்படி மரபுவழி உரிமையில் குலங்களிடம்தான் இருக்கிறது. உலகத்தில் மிகச் சில நாடுகளில் மட்டுமே காணக்கூடிய நிலைமை இது.

இனி தாப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். மைசின் பெண்கள் மரப்பட்டையிலிருந்து செய்யும் துணி அது. காகித முசுக்கட்டை என்ற சிறு மரத்தை அவர்கள் வுவுசி என்பார்கள். காட்டில் தானாக முளைத்ததைத் தேடிப்போய் வெட்டுவதில்லை, தோட்டத்தில் கிழங்குகளின் நடுவே நட்டு வளர்க்கிறார்கள். தண்டில் கிளை வந்தால் துணியில் ஓட்டை விழும் என்று பக்கக் கிளைகளை அவ்வப்போது கிள்ளிவிடுவார்கள். தண்டு நேராக வளர்ந்ததும் வெட்டி, பட்டையை உரித்து, மேல்தோலைச் சீவிவிட்டு, உள்பட்டையை ஒரு மரக்கட்டையின் மேல் வைத்துக் கொட்டாப்புளியால் அடிக்கிறார்கள். முதலில் கனத்த கட்டை, பிறகு இலேசான கட்டை. மடித்து அடிப்பது, விரித்து அடிப்பது, மறுபடி மடித்து அடிப்பது. கையகலப் பட்டை மெல்ல மெல்ல அகன்று துணியாகிறது.

காய்ந்தபின் அதன்மேல் கறுப்புக் கோடுகள். அளவுகோலும் கிடையாது, முன்வரைவும் கிடையாது. நம் பெண்கள் விடியற்காலையில் வாசலில் குனிந்து கோலமிடுவதுபோல, கோடு எங்கே திரும்ப வேண்டும் என்பது விரலுக்கே தெரிந்திருக்கிறது. இணையாக ஓடும் இரண்டு கறுப்புக் கோடுகளின் நடுவே சிவப்பு நிரப்புவார்கள். அந்தச் சிவப்புக்கு டுன் என்று பெயர். மரப்பட்டையையும் இலையையும் சேர்த்துக் கொதிக்கவைத்து இறக்கி, சூட்டோடு தீட்ட வேண்டும். முன்பெல்லாம் டுன் காய்ச்சுவதைச் சுற்றிப் பல விலக்குகள் இருந்தன. காய்ச்சும் மண்பானை வனிகேலாப் பெண்கள் வனைந்தது; பானைக்குத் தாப்பா, தாப்பாவுக்குப் பானை என்று இரண்டு ஊருக்கும் பண்டமாற்று. சில கோலங்கள் குலத்துக்கு உரியவை, அந்தக் குலத்தார் தவிர வேறு யாரும் போடக்கூடாது. மற்றவை அவளவள் கற்பனை. ஒரு தலைமுறைக்கு முன்வரை இதேபோன்ற வளைகோடுகளைப் பருவமடைந்த பெண்களின் முகத்தில் பச்சைகுத்தினார்கள். மிஷனரிகள் வந்து சட்டையும் பாவாடையும் கொடுத்த பிறகும் திருவிழா என்றால் ஆணும் பெண்ணும் தாப்பாதான் உடுத்தினார்கள். சாவுக்கும் கல்யாணத்துக்கும் கொடுக்கல் வாங்கலில் தாப்பா உண்டு. இன்று அந்த ஊருக்குப் பணம் கொண்டுவரும் கைத்தொழிலும் அதுதான்.

அங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னால் அது பொய். காய்ச்சல் முற்றினால், பிரசவம் சிக்கலானால், கடல் அமைதியாக இருக்க வேண்டும், படகும் இருக்க வேண்டும், பெட்ரோல் வாங்கக் காசும் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் போகத் தேவையில்லாத உயிர் போகும். மலேரியா உண்டு. தொடக்கப்பள்ளி தாண்டினால் பிள்ளைகள் ஊரைவிட்டு வெளியே போய்த் தங்கிப் படிக்க வேண்டும், அதற்குக் கட்டணம். துணி, சவர்க்காரம், மண்ணெண்ணெய், அரிசி, மீன் டின் எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். படித்துத் திரும்பிய இளைஞனுக்கு ஊரில் செய்ய வேலை இருக்கிறது, கையில் வாங்கச் சம்பளம் இல்லை. இதையெல்லாம் மறைத்துவிட்டுப் "பாவம், இயற்கையோடு இயைந்து நிம்மதியாக வாழ்கிறார்கள்" என்று எழுதுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. தோட்டத்து லயத்தைப் பற்றியும் அப்படி எழுதியவர்கள் உண்டு.

அந்த மக்கள் வெளியுலகம் அறியாதவர்களும் இல்லை. ஆங்கிலிக்கன் மிஷன் 1898-இல் வனிகேலாவுக்கு வந்தது, 1902-இல் உயியாகுவில் பள்ளி தொடங்கியது. இந்தக் கரையில் பாடம் சொல்லிக்கொடுத்த தொடக்ககால ஆசிரியர்கள் யார் தெரியுமா? ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துக் கரும்புத் தோட்டங்களில் கூலிகளாகக் கிடந்து, அங்கேயே எழுத்தும் வேதமும் கற்ற மெலனீசியத் தீவுக்காரர்கள். இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். தோட்டக்கூலி ஒருவர் முன்பின் தெரியாத கரையில் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்திருக்கிறார். ஆசிரியத் தொழிலில் எனக்கு மூத்தவர் அவர். அவர் கற்றுக்கொடுத்த எழுத்துத்தான் பல பத்தாண்டுகள் கழித்து அந்த ஊரார் நீதிமன்றம் ஏறும்போது கைகொடுத்தது என்று நான் நம்புகிறேன்.

1942 அக்டோபரில் ஆஸ்திரேலிய, அமெரிக்கப் படைகள் வனிகேலாவில் விமானத்தில் வந்திறங்கின. அந்தக் கரையின் ஆண்கள் சுமைதூக்கப் போனார்கள். 1975 செப்டம்பர் 16-இல் நாடு விடுதலை பெற்றது. அந்தக் காலகட்டத்தில் படித்த மைசின் பிள்ளைகளுக்கு நகரங்களில் வேலை காத்திருந்தது. ஆசிரியர்களாக, பாதிரியார்களாக, அரசு அலுவலர்களாகப் போனார்கள். 1980-களின் தொடக்கத்தில் ஊருக்குள் வந்த பணத்தில் பெரும்பகுதி அவர்கள் அனுப்பியது. பிறகு நகரத்து வேலைகள் சுருங்கின. அனுப்பும் பணமும் மெலிந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் மரக் கம்பெனிகள் வந்தன. சாலை போடுகிறோம், பள்ளி கட்டுகிறோம், மருத்துவமனை கட்டுகிறோம் என்றன.

ஊரில் ஆசை இருந்தது. இளைஞர்களில் பலர் கையெழுத்துப் போட்டால் என்ன என்று கேட்டார்கள். பெரியவர்களிலும் சிலர் கேட்டார்கள். எதுவாக இருந்தாலும் கூடிப் பேசி, ஒரு மனதாகும்வரை பேசுவது அவர்கள் வழக்கம். மராவா-வாவே என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். உள்ளம் ஒத்திருத்தல் என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன். குலத்துக்குள் சண்டை, குலத்துக்குக் குலம் சண்டை, சூனியப் பயம் எல்லாம் இருக்கும் ஊரில் அந்த ஒற்றுமை சும்மா வருவதில்லை. பேசிப் பேசி உண்டாக்க வேண்டும், உண்டாக்கியது நாளைக்கே உடையலாம். 1994-இல் மைசின் ஊர்கள் ஒன்றுகூடி, எங்கள் காட்டில் வணிக மரவெட்டு வேண்டாம் என்று முடிவுசெய்தன. காசுக்கு என்ன வழி? தாப்பாவை விற்போம் என்றார்கள். 1995-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில் மைசின் தாப்பாக்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஊர்ப் பெரியவர்கள் அந்தக் கண்காட்சிக்குக் கலிபோர்னியாவரை போனார்கள்.

ஆனால் கையெழுத்து அவர்களைத் தேடி வரவில்லை, அவர்களைச் சுற்றிக்கொண்டு போனது. 1990-களின் இறுதியில் மைசின் மக்களுக்குத் தெரியாமலே அவர்கள் நிலத்தின் பெரும்பகுதி குத்தகைக்குப் போயிருந்தது. விஷயம் தெரிந்ததும் வழக்குப் போட்டார்கள். சாலைகூட இல்லாத ஊர்க்காரர்கள் தலைநகரத்துக்கு விமானமேறி, வக்கீல் பிடித்து, ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள். 2002-இல் நேஷனல் கோர்ட் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது.

பத்து ஆண்டு கழித்து அதே கதை வேறு பெயரில் வந்தது. சிறப்பு வேளாண் வணிகக் குத்தகை என்று ஓர் ஏற்பாடு அந்த நாட்டு நிலச் சட்டத்தில் இருந்தது. உங்களில் பலர் அதைச் சுருக்கப் பெயரால் கேள்விப்பட்டிருப்பீர்கள். குலங்களிடமிருந்து அரசு நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கும், எடுத்ததை இன்னொருவருக்குத் திருப்பிக் குத்தகை விடும், 99 ஆண்டுவரை. குலத்தின் சம்மதம் வேண்டும் என்று சட்டம் சொன்னது. அந்தச் சம்மதம் ஒரு தாளில் இருக்கும். அந்தத் தாளில் யார் கையெழுத்து, யார் கைநாட்டு, யார் பெயரால் யார் போட்டது என்பதுதான் கேள்வி. 2003-க்கும் 2011-க்கும் இடையில் இப்படி ஐந்து மில்லியன் ஹெக்டேருக்கும் மேல் கைமாறியது. நம் தீபகற்ப மலேசியாவில் மூன்றில் ஒரு பங்கைவிட அதிகம். கூச்சல் கிளம்பி, 2011-இல் அரசே விசாரணை ஆணையம் வைத்தது. ஆணையம் பார்த்த குத்தகைகளில் மிகப் பெரும்பாலானவை முறைகேடானவை என்று தெரியவந்தது. செம்பனை நடப்போகிறோம் என்று சொல்லி மரத்தை வெட்டி ஏற்றிவிட்டுப் போனவர்களும் உண்டு.

காலிங்வுட் விரிகுடாவில் இப்படிப் போன நிலம் 38,350 ஹெக்டேர். பினாங்குத் தீவைவிடப் பெரிது. 2012 இறுதியில் அந்தக் குத்தகைகளை வைத்திருந்த நிறுவனத்தில் பெரும்பங்கை வாங்கியது நம் நாட்டின் கோலாலம்பூர் கெப்போங் நிறுவனம். விரிகுடா மக்கள் மறுபடி நீதிமன்றம் போனார்கள். 2014 மே மாதம் நேஷனல் கோர்ட் அந்தக் குத்தகைகளைச் செல்லாது என்று நீக்கியது. ஒரே மக்கள் தங்கள் நிலத்தைத் தங்களுடையது என்று இரண்டு முறை நிரூபிக்க வேண்டியிருந்தது.

இவ்வளவு பெரிய நிலம் எதற்கு என்று என் பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள். உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. அறுத்த குலை ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போயாக வேண்டும், தாமதமானால் எண்ணெயின் தரம் கெடும். அதனால் ஆலை தோட்டத்துக்கு நடுவில் இருக்க வேண்டும், ஆலைக்குத் தீனி போட ஆயிரக்கணக்கான ஹெக்டேர் அதைச் சுற்றித் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், நடுவில் சேப்பங்கிழங்குத் தோட்டமும் வேட்டைக்காடும் இடறக்கூடாது. நட்டால் இருபத்தைந்து ஆண்டு. அதற்குள் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து, தன் குலத்தின் தோட்டம் எங்கே இருந்தது என்று காட்ட ஆளில்லாமல் போய்விடும். கெட்ட மனம் படைத்தவர்களால் மட்டும் நடப்பது இல்லை இது. ஆலையின் கணக்கே அப்படித்தான் கேட்கும்.

எங்கள் ஆயாவின் நினைவு வந்தது என்றேனே. ஆயா பதினாறு வயதில் பால்வாளி தூக்கியவர். மூன்றரை மணிக்கு எழுந்து சோறாக்கி, தூங்கும் பிள்ளையைத் தூக்கி ஆயாக்கொட்டகையில் போட்டுவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்குப் போவார். அந்தத் தோட்டத்தில் ஆயா தொடாத மரம் கிடையாது. ஐம்பத்தைந்தில் வேலை நின்றது. வேலை நின்றதும் வீடும் நின்றது. லயத்தைக் காலிசெய்யச் சொன்ன அன்று, பின்புறத்தில் தான் வைத்த முருங்கையையும் கருவேப்பிலையையும் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை அவரிடம் மாதாமாதம் பணம் இருந்தது. கடைக்காரன் கடன் கொடுத்தான், தீபாவளிக்குப் புதுச்சேலை வந்தது. கணக்குப் பார்த்தால் உயியாகுவின் எந்தப் பெண்ணைவிடவும் அவர் கையில் அதிகக் காசு புரண்டிருக்கும். ஆனால் நாற்பது ஆண்டுக் கடைசியில் ஒரு முருங்கை மரம்கூட அவருடையதாக இல்லை. உயியாகுவில் ஒரு கிழவிக்குத் தோட்டம் போடத் தெம்பு குறைந்தால் மருமகள் போடுவாள், ஆனால் நிலத்தைவிட்டு எழுந்து போ என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. சம்பளத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்தக் கிழவி ஏழை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவளுக்கு ஒரு மருத்துவத் தாதி வேண்டும், படகு வேண்டும், பேத்திக்குப் பள்ளிக்கட்டணம் வேண்டும். அவற்றுக்கு விலையாக அவளை எங்கள் ஆயாவாக மாற்றத் தேவையில்லை என்பதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

வேலையை விட்டுவிடுங்கள் என்று நான் கேட்கமாட்டேன். உங்கள் வீட்டில் கட்ட வேண்டிய கடன் இருக்கிறது, கல்யாணத்துக்குக் காத்திருக்கும் தங்கை இருக்கிறாள், எனக்குத் தெரியும். செம்பனையே தீது என்றும் சொல்லவில்லை. அதே ஓரோ மாகாணத்தில் போபொன்டெட்டாவைச் சுற்றி 1970-களிலிருந்து சிறு பயிரிடுவோர் செம்பனை வைத்திருக்கிறார்கள். தன் நிலத்தில் இரண்டு ஹெக்டேர் நட்டு, குலையை ஆலைக்கு விற்று, மிச்ச நிலத்தில் கிழங்கு போடும் குடும்பத்துக்கு, விலை விழுந்தால் அடுத்த மாதம் வெட்டாமல் விட்டுவிடும் சுதந்திரமாவது உண்டு. ஒரு விரிகுடாவை மொத்தமாக 99 ஆண்டுக்கு எழுதி வாங்குவதோடு அதை ஒன்றாக வைத்துப் பேச முடியாது. அவர்களுக்கு நல்ல நாற்றும் நேர்மையான எடையும் சொன்ன நாளில் பணமும் கிடைக்கும்படி செய்ய உங்களால் முடியும். அந்த வேலையை நன்றாகச் செய்யுங்கள். எடைக்கல்லில் ஏமாந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நீங்கள்.

ஆனால் ஒருநாள் உங்களிடம் ஒரு கோப்பு வரும். புதிய நிலம், விரிவாக்கம், ஊரார் சம்மதம் பெற்றாகிவிட்டது என்று எழுதியிருக்கும். அன்றைக்குக் கொஞ்சம் நில்லுங்கள். கையெழுத்துப் பட்டியலில் பெண்கள் இருக்கிறார்களா என்று பாருங்கள். வுவுசி வளரும் மண்ணைத் தினமும் கொத்துகிறவர்கள் அவர்கள்தாம். கூட்டம் எந்த மொழியில் நடந்தது, எத்தனை நாள் நடந்தது என்று கேளுங்கள். ஒரே பிற்பகலில் ஓர் ஊர் முழுக்கச் சம்மதித்தது என்றால், அந்த மக்களின் பேச்சுமுறை தெரிந்த யாரும் நம்பமாட்டார்கள். தலைநகரில் குடியிருக்கும் ஒருவர் ஊரின் பெயரில் கம்பெனி பதிந்து தலைவராகியிருக்கிறாரா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் எழுதிவையுங்கள், தேதி போட்டு. நிர்வாகம் கேட்காமல் போகலாம். ஒருநாள் நீதிமன்றம் கேட்கும்.

அந்தக் கரைக்கு வேறு என்ன வழி என்று கேட்பீர்கள். படித்து அறிந்தவற்றைத்தான் சொல்ல முடியும். அதே ஓரோ மாகாணத்தின் மலைப்பகுதியில், உலகின் ஆகப் பெரிய வண்ணத்துப்பூச்சியான அலெக்சாண்ட்ரா அரசிப் பூச்சி வாழும் மனகலாஸ் பீடபூமி 2017-இல் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அந்த மக்கள் பல ஆண்டுகள் விடாமல் கேட்டு வாங்கினார்கள். காட்டின் கார்பனை விற்றுத் தருகிறோம் என்று வரும் தரகர்களையும் நான் உடனே நம்பச் சொல்லமாட்டேன். அவர்கள் கையிலும் ஒரு தாள் இருக்கிறது. 2022 மார்ச்சில் பாப்புவா நியூகினி அரசே அத்தகைய புதுத் திட்டங்களை நிறுத்திவைக்க வேண்டிவந்தது. புயல், வெள்ளம் வேறு. 2007 நவம்பரில் குபா புயல் ஓரோ மாகாணத்தின் பாலங்களை அடித்துப்போனது, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இத்தனைக்கும் நடுவே எனக்கு நம்பிக்கை தருவது பெரிய திட்டங்கள் இல்லை. தாப்பாவுக்கு ஒழுங்காக ஆர்டர் வந்து, அதை ஏற்றிப்போகப் படகு நேரத்துக்கு ஓடி, விற்ற பணம் நடுவில் நிற்காமல் செய்தவள் கைக்குப் போய், மருந்துப்பெட்டி காலியாகாத ஒரு சிறு மருத்துவ நிலையமும் இருந்தால், அந்த ஊரின் இளைஞன் நகரத்துச் சேரிக்கு ஓடவேண்டிய காரணங்களில் பாதி குறையும். இவை அரசும் திருச்சபையும், வேண்டுமானால் உங்கள் நிறுவனமும்கூட, நிலத்தைத் தொடாமலே செய்யக்கூடியவை.

என் மாணவன் அடுத்த வாரம் கிளம்புகிறான். அவனிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன். போன முதல் மாதத்தில், விடுமுறை நாளில், பக்கத்து ஊருக்கு நடந்து போங்கள். பாக்கு நீட்டுவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். உட்கார்ந்து பேசுங்கள். பிறகு யாராவது ஒரு பெரியவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு காட்டுக்குள் கொஞ்ச தூரம் போய், நிற்கிற இடத்துக்கு என்ன பெயர் என்று கேளுங்கள். அடுத்த மேட்டுக்கு என்ன பெயர், அந்த ஓடைக்கு என்ன பெயர், அந்த மரத்தை யார் வைத்தது என்று கேளுங்கள். கேட்டதைத் தமிழில் எழுதி எனக்கு அனுப்புங்கள். நான் ஒரு நோட்டுப்புத்தகம் வாங்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
பேராக்